யானை விட்ட மூங்கில்

மலைச்சாரலில் ஒரு யானை. தும்பிக்கையால் பச்சை மூங்கில் ஒன்றை வளைத்து இழுத்து, நிதானமாகத் தழை தின்று கொண்டிருக்கிறது. பக்கத்துத் தினைப்புனத்தில் காவல்காரன் கவணைச் சுழற்றிக் கல் வீசுகிறான். 'விர்ர்' என்று சத்தம்! யானை மிரண்டுபோய் மூங்கிலை விட்டுவிடுகிறது. அவ்வளவுதான்... தரை வரை வளைந்திருந்த மூங்கில் சரேலென்று வானத்தைப் பார்த்து நிமிர்கிறது. எப்படி? மீன் மாட்டியதும் தூண்டில் விருட்டென்று மேலே எழும்புமே, அப்படி!

குறுந்தொகையின் 54-வது பாட்டில் வருகிற காட்சி இது. 'நான் இங்கே இருக்கிறேன். என் அழகு மட்டும் அவனோடு அந்த மலைநாட்டிலேயே தங்கிவிட்டது' என்று புலம்பும் ஒரு பெண்ணின் பாட்டு. எழுதியவரின் சொந்தப் பெயர் காலத்தோடு போய்விட்டது. அதனால் அந்த உவமையையே பெயராக வைத்துவிட்டார்கள்: மீனெறி தூண்டிலார்.

தூண்டிலையே பெயராகக் கொண்ட ஒரு புலவர்! ஆனால், நான் சொல்ல வந்தது அவர் பெயரைப் பற்றி அல்ல, அவர் கண்ணைப் பற்றி. ஒரு கழி வளையவேண்டும். வளைந்தது முறியாமல் தாங்கவேண்டும். விட்டவுடன் பழைய இடத்துக்கு நிமிரவேண்டும். தூண்டில் செய்யும் கலை மொத்தமும் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிடும். இன்றைக்குக் கார்பன் இழையில் தூண்டில் செய்கிற தொழிற்சாலைக்காரர்கள் இயந்திரத்தில் வைத்து அளப்பதும் இதைத்தான். சுமார் இரண்டாயிரம் வருடங்களுக்கு முன்பே ஒருவர் அதை யானையை வைத்து அளந்துவிட்டார்!

சங்கப் பாட்டில் தூண்டில் இன்னும் பல இடங்களில் தலைகாட்டுகிறது. அகநானூற்றின் 36-வது பாட்டில் நக்கீரர் ஒரு வரால் மீனைக் காட்டுகிறார். இரையோடு இரும்பு முள்ளையும் விழுங்கிவிட்ட மீன், ஆம்பல் இலையைக் கிழித்து, குவளைப் பூவைச் சிதைத்து, வள்ளைக் கொடியைச் சுருட்டிக்கொண்டு, கயிற்றில் கட்டிய முரட்டுக் காளை மாதிரி குளத்தையே கலக்குகிறது. தூண்டில்காரன் இழுக்கிறான், வரமாட்டேன் என்கிறது! விரால் பிடித்துப் பழகியவர்கள் இதைப் படித்தால், 'இந்த ஆள் கரையில் நின்று பார்த்திருக்கிறார்' என்று சத்தியம் செய்வார்கள்.

பெரும்பாணாற்றுப்படை இன்னும் ஒருபடி மேலே. காவிரிப்பூம்பட்டினத்தைப் பட்டினப்பாலையில் பாடிய அதே கடியலூர் உருத்திரங்கண்ணனார் எழுதியது. தூண்டிலின் ஒவ்வொரு பாகத்தையும் அதில் பட்டியல் போட்டுவிடுகிறார். இரையாக இறைச்சி போட்டு வைத்த தோல்பை, நீண்ட மூங்கில் கழி, நாண், வளைந்த வாயுள்ள இரும்பு முள். நாண் என்ற சொல்லைக் கவனியுங்கள். வில்லுக்கும் நாண்தான், தூண்டிலுக்கும் நாண்தான். இரண்டுமே வளைந்த மூங்கிலின் பலத்தில் வாழ்பவை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாட்டில், இரையை மட்டும் தின்றுவிட்டுத் தப்பித்த ஒரு வாளை மீன், பிறகு கரையோரப் பிரம்பின் நிழல் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்தாலே பயந்து நடுங்குகிறதாம். அடிபட்ட மீனுக்கு நிழலெல்லாம் தூண்டில்!

திருவள்ளுவரும் தூண்டிலை விடவில்லை. சூதாட்டத்தில் ஜெயிப்பது, மீன் தூண்டில் முள்ளை விழுங்குகிற மாதிரி என்றார்.

இந்தப் பாட்டுகளை நாம் படிக்க முடிவதற்குக் காவிரிக் கரைக்காரர்கள் இரண்டு பேருக்கு நன்றி சொல்லவேண்டும். பெரும்பாணாற்றுப்படை அடங்கிய பத்துப்பாட்டை, கும்பகோணம் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்துக் கொண்டிருந்த உ.வே.சாமிநாதையர் 1889-ல் பதிப்பித்தார். குறுந்தொகையை முதன்முதலில் 1915-ல் அச்சேற்றியவர் திருக்கண்ணபுரத்துக்காரரான சௌரிப்பெருமாள் அரங்கனார். ஏட்டில் இருந்த தூண்டில் இப்படித்தான் புத்தகத்துக்கு வந்தது. கரையில் இருந்த தூண்டில்?

அது பாட்டுக்குக் கரையிலேயே இருந்தது, யாரும் எழுதி வைக்காமல்!

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆற்றுப் படுகையில் மூங்கில் குத்துகளுக்குப் பஞ்சம் கிடையாது. ஆனால், பார்த்த மூங்கிலையெல்லாம் வெட்டித் தூண்டில் பண்ணிவிட முடியாது. இளசாக இருந்தால் காய்ந்ததும் சுருங்கிப் போகும். ரொம்ப முற்றினால் வளையாமல் 'படக்'கென்று முறியும். மூன்று வயசுக் கழிதான் சரி. படுகையில் அதிகமாக நிற்பது உள்ளே பொந்தாக இருக்கும் பெருமூங்கில். அதில் பந்தக்கால் போடலாம், ஏணி செய்யலாம். தூண்டிலுக்கு அதன் மெல்லிய பக்கக் கிளைகள்தான் லாயக்கு. உள்ளே கெட்டியாக இருக்கிற கல்மூங்கில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அது வறண்ட மலைக்காட்டுச் சரக்கு.

வெட்டுவதற்கும் நேரம் உண்டு. தேய்பிறையில் வெட்டு என்பார்கள் பெரியவர்கள். மூங்கிலைத் துளைக்கும் வண்டுக்கு அதிலிருக்கும் மாவுச்சத்துதான் சாப்பாடு. அது குறைவாக இருக்கும் பருவத்தில் வெட்டினால் கழி பிழைக்கும். வெட்டியதைக் கொஞ்ச நாள் குளத்தில் ஊறப்போடுவதும் இதற்காகத்தான். மிச்ச மாவுச்சத்து தண்ணீரில் கரைந்துவிடும். அப்புறம் நிழலில் காய்ச்சல். கோணல் இருந்தால் அந்தக் கணுவை நெருப்பில் லேசாக வாட்டி, சூட்டோடு சூடாக நிமிர்த்திப் பிடித்து ஆறவிட்டால் நேராகிவிடும். சூடு பட்டால் மூங்கில் நார்களை ஒட்டிவைத்திருக்கும் பொருள் இளகும், ஆறினால் இறுகும். விஷயம் இவ்வளவுதான். கடைசியாகக் கொஞ்சம் எண்ணெய் பூசித் தேய்த்தால், கழி ஈரம் குடிக்காது.

அதற்குப் பிறகுதான் உண்மையான வேலை. எந்த மீனுக்கு இந்தக் கழி? கெண்டைக்கு என்றால் நுனி ஊசி மாதிரி மெலிந்திருக்கவேண்டும். அது இரையைத் தொட்டுப் பார்ப்பதுகூடக் கைக்குத் தெரியணும். விராலுக்கு அந்த நாசூக்கெல்லாம் உதவாது. தவளையைக் கோத்துப் போட்டு, அது கவ்வியதும் அல்லிக் கொடிக்குள் ஓடுவதற்கு முன்னால் ஒரே இழுப்பாகக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். கழி தடியாக, குட்டையாக இருந்தால்தான் ஆச்சு. வாய்க்காலுக்கு ஒரு நீளம், குளத்துக்கு ஒரு நீளம். பத்து வயசுப் பையன் கைக்கு ஒரு எடை, அப்பன் கைக்கு ஒரு எடை. நெட்டித் தண்டிலோ மயிலிறகுத் தண்டிலோ தக்கை, ஒரு சின்ன ஈயக் குண்டு, தங்கூசி நரம்பு, முள்ளு. தீர்ந்தது கதை!

வெளிநாட்டில் இதற்குப் பெயர் 'கஸ்டம் ராடு'. ஆளைப் பார்த்து, மீனைப் பார்த்து, தண்ணீரைப் பார்த்து அளவெடுத்துச் செய்கிற தூண்டில். அதற்கென்று பட்டறைகள், பயிற்சிகள், கண்காட்சிகள்! கார்பன் கழியை மேஜையில் அழுத்தி உருட்டி, எந்தப் பக்கம் முரண்டு பிடிக்கிறது என்று கண்டுபிடிப்பார்கள். நரம்பு ஓடுவதற்கான வளையங்களைப் பட்டு நூலால் அடுக்கடுக்காகச் சுற்றிக் கட்டி, மேலே எபாக்ஸி பூசுவார்கள். பூசியது ஒரு பக்கமாக வழிந்து திரளாமல் இருக்க, காயும் வரை கழியைச் சின்ன மோட்டாரில் மெல்லச் சுழல விடுவார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அடிப்படைக் கேள்வி, ஆற்றங்கரைப் பையன் கேட்ட அதே கேள்விதான்: எந்த மீனுக்கு, எந்தக் கைக்கு?

இப்படி ஒரு கலை இருந்தும் வரலாற்றில் அதற்கு ஏன் இடமில்லை? பதில் வலையில் இருக்கிறது.

சோழர் கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒரு வரி வருகிறது. குளத்து மீனைப் பிடிக்கும் உரிமைக்கான குத்தகைப் பணம் என்று கல்வெட்டு ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ராஜாக்கள் போய், கும்பினி வந்து, அதுவும் போய், பஞ்சாயத்து ராஜ்யம் வந்துவிட்டது. அந்த 'பாசி' மட்டும் போகவில்லை! இன்றைக்கும் ஊர்க் குளத்து மீனுக்கு 'மீன்பாசி ஏலம்'தான் நடக்கிறது. ஏலம் எடுப்பவர் கையில் வலை. வலையில் மீன் மொத்தமாக வரும், எண்ணலாம், விற்கலாம், வரி போடலாம். எழுதி வைக்கவேண்டிய அவசியம் வந்துவிடுகிறது.

தூண்டிலில் வருவது ஒரு மீன், ஒரு வேளைக் குழம்பு. அதற்கு யார் கணக்கு எழுதுவார்? கூலி கிடைக்காத நாளில் வீட்டு அடுப்பை எரிய வைத்தது பல இடங்களில் இந்தக் கழிதான். குத்தகைக் குளத்தில் தூண்டில் போட்டால் திருட்டு. காவல்காரன் வந்தால் கழியைப் போட்டுவிட்டு ஓடவேண்டியதுதான். போட்டுவிட்டு ஓடவேண்டிய பொருளில் யாராவது சித்திரவேலை செய்வார்களா, பெயர் பொறிப்பார்களா?

தஞ்சாவூர் ஓவியத்துக்கு, கலைத்தட்டுக்கு, தலையாட்டி பொம்மைக்கு, வீணைக்கு, நெட்டி வேலைக்கு எல்லாம் புவிசார் குறியீடு உண்டு. சுவாமிமலைச் சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம் எல்லாமே பட்டியலில் இருக்கின்றன. அரண்மனையும் கோயிலும் வாங்கிய பொருள்கள் அவை. நெட்டியில் கோபுரம் செய்தால் கலை. அதே நெட்டி தூண்டில் தக்கையானால்..? குப்பை!

இங்கே இப்படி என்றால், வெள்ளைக்காரன் கையில் தூண்டிலின் மரியாதையே வேறு. தென் கன்னடத்தில் கலெக்டராக இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-ல் இந்தியத் தூண்டிலைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே போட்டார். பெயர் 'தி ராட் இன் இந்தியா'. அது போதாதென்று 1887-ல் குளங்களில் தூண்டில் போடுவதற்கென்றே இன்னொன்று! வெறும் பொழுதுபோக்குக்காரர் என்று அவரை ஒதுக்கிவிடவும் முடியாது. குஞ்சு மீனையும் விடாத வலைகளும், தண்ணீரில் கலக்கும் விஷமும் மீனினத்தையே அழித்துவிடும் என்று அரசாங்கத்துக்கு எழுதிக் கொண்டிருந்தவர். விஷத்துக்கும் வெடிக்கும் தடை போட்ட இந்திய மீன்வளச் சட்டம் 1897-ல் வந்தது.

காவிரியின் மேல்பகுதியில் துரைமார்கள் தேடியது மகசீர் என்ற ராட்சத மீனை. 1946 மார்ச்சில் மைசூரைச் சேர்ந்த டிவெட் வான் இங்கன், காவிரியின் துணை நதியான கபினியில் 120 பவுண்டு மகசீர் ஒன்றைத் தூண்டிலில் பிடித்தார். ஏறக்குறைய 54 கிலோ. தேதியும் எடையும் பத்திரமாகப் பதிவாகியிருக்கிறது. அதே காவிரி, கீழே தஞ்சாவூருக்கு வந்து வாய்க்காலாகப் பிரிந்த பிறகு, அங்கே பிடிபட்ட லட்சக்கணக்கான மீன்களில் ஒன்றுக்குக்கூடத் தேதி கிடையாது!

இதைவிட வேடிக்கை, மூங்கிலின் கதை.

1840-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஈஸ்டன் என்ற ஊரில் சாமுவேல் ஃபிலிப்பி என்றொருவர் இருந்தார். துப்பாக்கி செய்பவர், வயலினும் செய்பவர். (தஞ்சாவூர் வடிவேலு வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்குப் பழக்கிக் கொண்டிருந்த தலைமுறை அது. அங்கிருந்து வயலின் இங்கே வர, இங்கிருந்து மூங்கில் அங்கே போனது!) அதுவரை அங்கே தூண்டில் கழிகளைப் பெரும்பாலும் மரத்தில் செய்துவந்தார்கள். கனம் அதிகம். ஃபிலிப்பி மூங்கிலைப் பிளந்தார். மூங்கிலின் பலமெல்லாம் வெளித்தோலை ஒட்டிய நார்களில்தான். உள்ளே போகப் போக வெறும் சோறு. அந்த வெளிநாரை மட்டும் மெல்லிய பட்டைகளாகச் சீவி, ஒன்றோடொன்று வச்சிரப் பசையால் ஒட்டி, பட்டு நூலால் கட்டிக் கழி செய்தார். வயலின்காரர் கை அல்லவா... பசை, மெருகு எல்லாம் அத்துப்படி!

1870-களில் மெய்ன் மாநிலத்து ஹைரம் லெனார்டு இதை ஆறு பட்டைக் கழியாக்கிப் பிரபலப்படுத்தினார். குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆறு முக்கோணங்கள் மூக்கோடு மூக்கு இடித்து நிற்கும். ஒவ்வொரு முக்கோணத்துக்கும் 60 டிகிரி. இழைப்பதில் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்கு பிசகினாலும் பட்டைகள் கூடாது. இதைச் செய்ய அவர் தனி இயந்திரமே அமைத்தார்.

சரி, மூங்கில்? அதை அவர்கள் 'கல்கத்தா கேன்' என்று அழைத்தார்கள். கல்கத்தாத் துறைமுகத்தில் கப்பலேறியதால் அந்தப் பெயர். உண்மையில் அது பெரும்பாலும் நம்ம கல்மூங்கில் இனம்தான் என்கிறார்கள். குதிரைப்படைக்கு ஈட்டிக் கம்பாகவும், போலீஸுக்கு லத்தியாகவும் போன அதே ஜாதி! வந்து சேரும் கழிகளில் நெருப்பால் சுட்ட தழும்புகள் இருக்கும். அமெரிக்கக் கைவினைஞர்கள் தலையில் அடித்துக்கொண்டு, தழும்பில்லாத பட்டையாகத் தேடிப் பொறுக்குவார்கள். பொறுக்கி எடுத்து இழைத்து, மெருகேற்றி, அடியில் தங்கள் பெயரைப் பொறித்து விற்றார்கள். அந்தப் பெயர்களை இன்றைக்கும் சேகரிப்பாளர்கள் பூஜிக்கிறார்கள். வெட்டியவன் பெயர்? அதற்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

இருபதாம் நூற்றாண்டு தொடங்கிய காலத்தில் கல்கத்தா மூங்கிலுக்குப் போட்டியாக 'டோங்கின்' மூங்கில் வந்தது. கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம், நேரான வளர்ச்சி. நம்ம மூங்கில் சந்தையை இழந்தது. (இதிலும் ஒரு தமாஷ். டோங்கின் மூங்கில் வியட்நாமின் டோங்கினில் விளைவதல்ல. சீனாவின் குவாங்டாங் மாகாணத்துச் சரக்கு! தாவரவியல் அறிஞர் மெக்ளூர் 1931-ல்தான் அதற்கு முறையாக அறிவியல் பெயர் வைத்தார்.) 1950-ல் கொரியப் போர் மூண்டதும் அமெரிக்கா சீனாவோடு வியாபாரத்தை நிறுத்தியது. மூங்கில் வரத்து நின்றுபோச்சு. அந்த இடத்தைக் கண்ணாடி இழை பிடித்தது, 1970-களில் கார்பன் இழை. ஆனாலும் பிளந்த மூங்கில் தூண்டிலைக் கையால் செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நம்ம ஊர்க் கணக்கில் லட்ச ரூபாயைத் தாண்டி விலைபோகும் கழிகளும் உண்டு.

இன்றைக்குத் தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் இழுத்தால் நீளும், தள்ளினால் சுருங்கும் இழைத் தூண்டில்கள் கடையில் கிடைக்கின்றன. பையன்கள் வாங்குகிறார்கள். வாங்கட்டுமே! இரும்பு முள்ளும் நைலான் நரம்பும் வந்தபோது யாரும் அழவில்லை. கழி மாறுவதில் பெரிய நஷ்டம் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில். 1836-ல் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் ஆர்தர் காட்டனின் அணைகள் எழுந்தன. வயலுக்குத் தண்ணீர் வந்தது. கடலிலிருந்து கொள்ளிடத்தில் ஏறிவரும் உல்லம் மீனின் பாதை அடைபட்டது. 1934-ல் மேட்டூர் அணை. பிறகு பசுமைப் புரட்சியின் பூச்சிமருந்து வயலிலும் வாய்க்காலிலும் இருந்த மீன்களைக் குறைத்தது. 1952-ல் இந்தியாவுக்குள் வந்த ஜிலேபிக் கெண்டை குளங்களை நிரப்பியது. வான் இங்கன் பிடித்த அந்தக் கூன்முதுகு மகசீரின் சரியான அறிவியல் பெயர் உறுதியானதே 2018-ல்தான். அதே வருடம் அழிவின் விளிம்பில் இருக்கும் இனம் என்றும் அறிவித்துவிட்டார்கள். பெயர் கிடைத்த வருடமே ஆபத்துப் பட்டியலில் இடம்!

ஒவ்வொரு மீனுக்கும் ஒரு கழி என்று சொன்னேன் இல்லையா? மீன்வகை ஒன்று குறைந்தால், அதற்கான கழியைத் தேர்ந்தெடுக்கும் கண்ணும் ஒன்று குறைகிறது. கடையில் வாங்கும் கழி எல்லா மீனுக்கும் ஒன்றுதான். குளத்தில் இருப்பதும் பெரும்பாலும் ஒரே மீன் என்றால், அதுவே போதும் என்று ஆகிவிடுகிறது.

இன்னும் காவிரிப் படுகையில் மூங்கில் குத்துகள் இருக்கின்றன. மூன்று வயசுக் கழியைத் தட்டிப் பார்த்தே அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் ஊருக்கு ஓரிருவராவது இருப்பார்கள். அடுத்த முறை அப்படி ஒருவரைப் பார்த்தால், 'விராலுக்கு எது, கெண்டைக்கு எது?' என்று கேட்டு வையுங்கள். முடிந்தால் எழுதியும் வையுங்கள். மீனெறி தூண்டிலாருக்குப் பிறகு அந்த வேலை ரொம்ப நாளாகப் பாக்கி கிடக்கிறது.

யானை விட்டதும் மூங்கில் தானாக நிமிர்ந்தது. நாம் விட்டால் அது நிமிராது. மறந்துபோகும்.